பல நேரலைக் கணக்குகளைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி? தடை வரும் வழிகளும் ஐந்து படிகளும்

கடந்த ஏப்ரலில், தமிழ்மொழி விழாவையொட்டி சிங்கப்பூரில் எங்கள் சிறு கலைக்குழு ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு மண்டபத்தில் நடத்திய நிகழ்ச்சியின் யூடியூப் நேரலை நாற்பதாவது நிமிடத்தில் நின்றுபோனது. சிறுவர் நடனத்துக்குப் பின்னணியாக ஒரு திரைப்பாடலை முழுமையாக ஒலிக்க விட்டிருந்தோம். அதன் உரிமையாளர் நீக்கச் சொல்லிக் கோரிக்கை வைத்துவிட்டார். பிழை முழுக்க எங்களுடையது. தண்டனையாக ஏழு நாள்களுக்கு நேரலை கிடையாது, அடுத்த சனிக்கிழமையோ இரண்டாம் நிகழ்ச்சி.

"அண்ணே, உங்க சொந்தச் சேனல் சும்மாதானே கிடக்கு, அதுல போட்டுருவோமா?" என்று குழுவின் தம்பி ஒருவர் கேட்டார். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அந்தச் சேனலின் ஸ்ட்ரீம் கீயை (ஒளிபரப்பு எந்தச் சேனலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இரகசியக் குறியீடு) ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் ஒட்டிய பிறகுதான், வேறு எதையோ தேடப்போய் யூடியூபின் உதவிப் பக்கத்தில் ஒரு பத்தியைப் படித்தேன். ஒரு சேனலின் நேரலை முடக்கப்பட்டிருக்கும் காலத்தில் வேறொரு சேனல் வழியாக நேரலை செய்வது தடையைச் சுற்றிவருவதாகக் கொள்ளப்படும், அதற்காகக் கணக்கையே மூடலாம் என்று அதில் இருந்தது. ஏழு நாளில் தீர வேண்டிய சிக்கலை நிரந்தரமாக்கிக்கொள்ள இருந்தேன். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பதிவு மட்டும் செய்தோம்.

அதற்குப் பிறகு குழுவின் யூடியூப் சேனல், என் சொந்த யூடியூப் சேனல், நான் வீடியோ விளையாட்டுகளை ஒளிபரப்பும் ட்விட்ச் என்ற நேரலைத் தளத்தின் கணக்கு ஆகிய மூன்றையும் ஒழுங்காகப் பிரித்து வைத்தேன். அதைச் செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். தடைசெய்யப்பட்ட பிறகு ஒளிந்து திரும்ப வழி தேடுபவர்களுக்கு இதில் எதுவும் இல்லை. கூகுள் கணக்கு தொடங்குவதும் ஓபிஎஸ் நிறுவுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு சேனலில் நேரலையை முதன்முறை இயக்கும்போது அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், ஆகவே நிகழ்ச்சி நாளன்று அதைத் தொடங்காதீர்கள்.

தடை எந்த அடுக்கில் விழுகிறது

புதியவர்கள் எல்லாவற்றையும் 'பேன்' (ban, தடை) என்றே சொல்கிறார்கள். யூடியூபில் 'கன்டென்ட் ஐடி' கோரல் (காணொளியில் பிறருடைய பாடலோ படமோ இருப்பதைத் தளம் தானாகக் கண்டறிந்து உரிமையாளர் பெயரில் எழுப்புவது) என்பது தண்டனை அன்று. வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், அல்லது காணொளி சில நாடுகளில் தெரியாமல் போகலாம். காப்புரிமை ஸ்டிரைக் (சேனல்மீது பதிவாகும் தண்டனைக் குறி) வேறு. சமூக விதிமுறை ஸ்டிரைக் அதனினும் வேறு. சமூக விதிமுறையை முதன்முறை மீறினால் பெரும்பாலும் எச்சரிக்கை வரும். அடுத்து வரும் முதல் ஸ்டிரைக்குக்கு ஒரு வாரமும், 90 நாள்களுக்குள் இரண்டாவது வந்தால் இரண்டு வாரமும் பதிவேற்றமும் நேரலையும் நிற்கும், அதே 90 நாள்களுக்குள் மூன்றாவது வந்தால் சேனல் நீக்கப்படும். காப்புரிமை ஸ்டிரைக்குகள் தனிக் கணக்கு, அங்கும் எல்லை மூன்றுதான். காணொளியை அழித்துவிட்டால் ஸ்டிரைக்கும் போய்விடும் என்று நம்பி அழித்தவர்களை நான் அறிவேன். ஸ்டிரைக் அப்படியே இருந்தது, காணொளிதான் போனது.

சேனல் நீக்கப்பட்டவர் புதிய சேனல் தொடங்கக் கூடாது, ஏற்கெனவே உள்ள வேறு சேனலையும் பயன்படுத்தக் கூடாது என்பதே யூடியூபின் விதி. அதாவது தடை விழுவது சேனலின் பெயர்மீது அன்று, அதை நடத்தும் ஆள்மீது. 2025 அக்டோபரில், நீக்கப்பட்டு ஓராண்டு கடந்தவர்களில் சிலர் புதிய சேனலுக்கு விண்ணப்பிக்கலாம் என்ற ஏற்பாட்டை அறிவித்தார்கள். காப்புரிமை மீறலால் நீக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

ட்விட்சில் இரண்டு அடுக்குகள் உண்டு. ஒரு சேனலை நடத்துபவர் தம் அரட்டையிலிருந்து ஒருவரை விலக்குவது அந்தச் சேனலோடு முடிகிறது. தளமே விதிக்கும் தடை 24 மணி நேரத்திலிருந்து 30 நாள் வரையிலோ காலவரையின்றியோ இருக்கும். விலக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வந்தால் கண்டுபிடிக்க, 2021 நவம்பரில் இயந்திரக் கற்றல் அடிப்படையிலான ஒரு கருவியை அறிமுகப்படுத்தினார்கள். அது சந்தேகத்திற்குரியவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. தடையை ஏய்ப்பவராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கருதப்படுபவரின் செய்தி அரட்டையில் தெரியாது, நெறியாளர்களுக்கு மட்டும் தெரியும். இருக்கக்கூடும் என்ற அளவில் உள்ளவரின் செய்தி தெரியும், ஆனால் நெறியாளர்கள் கண்காணிக்க அடையாளமிடப்படும்.

படி 1: தொலைபேசி எண்ணை இரவல் கொடுக்காதீர்கள்

என்னை உண்மையில் இடறிவிட்டது இந்தப் படிதான். அக்காள் மகன் ட்விட்ச் கணக்கு தொடங்கியபோது சரிபார்ப்புக்கு என் எண்ணைக் கேட்டான், கொடுத்தேன். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் இரவு, நான் வழக்கமாகப் பார்க்கும் ஒரு சேனலில் வணக்கம் சொல்ல முயன்றபோது, நான் தடைசெய்யப்பட்டிருப்பதாகத் திரை காட்டியது. நான் அங்கே யாரோடும் சண்டை போட்டதில்லை. கடவுச்சொல்லை மாற்றினேன், குக்கீகளை அழித்தேன், வேறு கணினியிலும் நுழைந்து பார்த்தேன், பயனில்லை. மறுநாள் அக்காள் வீட்டுக்குப் போனபோது, அந்த அரட்டையில் தகாத சொல் எழுதி விலக்கப்பட்டதை அவன் ஒப்புக்கொண்டான்.

இதன் காரணம் ட்விட்சின் விதியிலேயே இருக்கிறது. ஒரே எண்ணை ஐந்து கணக்குகள் வரை சரிபார்க்கப் பயன்படுத்தலாம். ஆனால் தொலைபேசிச் சரிபார்ப்பைக் கேட்கும் சேனலில் அவற்றுள் ஒன்று விலக்கப்பட்டால் மற்றவையும் விலக்கப்படும், ஒன்றைத் தளமே தடைசெய்தால் மற்றவையும் தடைக்குள் வரும். பல கணக்கு வைத்திருப்பது குற்றம் அன்று என்றாலும், ஐந்தும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. அவனுடைய எண்ணை மாற்றச் செய்து, சேனல் நடத்துபவருக்கு நடந்ததை எழுதிய பிறகே என்மீதான விலக்கு நீங்கியது.

எனவே ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் மின்னஞ்சல், எண், மீட்பு மின்னஞ்சல், பணம் வரும் வழி ஆகிய நான்கையும் எழுதிப் பாருங்கள். ஒரே எண் இரண்டு பேருடைய கணக்குகளில் இருந்தால் இன்றே பிரியுங்கள். அதற்காக அடுத்தவர் பெயரில் பதிவான சிம் அட்டையை வாங்காதீர்கள்: சிங்கப்பூரில் ஒருவர் மூன்று ப்ரீபெய்ட் சிம் வரைதான் வைத்திருக்கலாம், 2025 ஜனவரி 1 முதல் சிம் அட்டைகளைத் தவறாகக் கைமாற்றுவது தனிக் குற்றமாகவும் ஆகியிருக்கிறது.

படி 2: உலாவியில் தனி ப்ரொஃபைல்

இது ஐந்து நிமிட வேலை. குரோமில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு ப்ரொஃபைல் (அந்தக் கணக்குக்கு மட்டுமான தனி உலாவிப் பகுதி) உருவாக்கி வேறு வேறு நிறம் கொடுங்கள். எனக்குக் குழுவுடையது மஞ்சள், என்னுடையது பச்சை. ஃபயர்ஃபாக்ஸின் கன்டெய்னர்களும் (ஒரே சாளரத்திலேயே கணக்குகளைப் பிரித்து வைக்கும் தாவல்கள்) நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் குழுவில் கணினிப் பழக்கம் குறைந்தவர்களுக்கு நிறம் மாறிய முழுச் சாளரம்தான் எளிதாகப் புரிகிறது. மூடியதும் எல்லாவற்றையும் மறந்துவிடும் இன்காக்னிட்டோ சாளரத்தை இதற்கு நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிய கருவியிலிருந்து நுழைவதுபோல் தெரிவதால் சரிபார்ப்புக் கேள்விகள்தான் பெருகும். இவ்வளவும் தவறான சேனலில் தவறான காணொளியை ஏற்றிவிடாமல் இருப்பதற்காக மட்டுமே. நீங்கள் யார் என்பதை இது தளத்திடமிருந்து மறைக்காது, மறைக்க வேண்டியதும் இல்லை.

படி 3: கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதி

முன்பு எங்கள் குழுவில் நான்கு பேரிடம் ஒரே கடவுச்சொல் இருந்தது. ஒரு பொங்கல் நிகழ்ச்சியன்று மாலை 6.55 மணிக்கு, நாதஸ்வரக் கலைஞர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மண்டபத்து மடிக்கணினி 47 என்ற எண்ணைக் காட்டி, அதே எண்ணைக் கைபேசியில் தொடுமாறு கேட்டது. கைபேசி எங்கள் செயலாளருடையது. செயலாளர் திருச்சி விமானத்தில் இருந்தார்.

யூடியூப் ஸ்டுடியோவின் அமைப்புகளில் 'அனுமதிகள்' என்ற பகுதி உண்டு. அங்கே ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சலில் அழைத்து, மேலாளர், எடிட்டர், பார்வையாளர் என்று நிலை கொடுக்கலாம். தொண்டூழியர்களுக்கு எடிட்டர் நிலை போதும். பதிவேற்றலாம், திருத்தலாம், வெளியான காணொளியை அழிக்கவோ பிறருக்கு அனுமதி வழங்கவோ முடியாது. சேனல் பழைய 'பிராண்ட் கணக்கு' (பல கூகுள் கணக்குகள் சேர்ந்து நடத்தும் கணக்கு) முறையில் இருந்தால் முதலில் புதிய அனுமதி முறைக்கு மாற்ற வேண்டும், அதைச் செய்யாமல் அழைப்புப் பொத்தானைத் தேடிக்கொண்டு நான் ஒரு மாலையை வீணாக்கினேன். உரிமையாளரைத் தவிர மேலாளர் நிலையிலும் ஒருவராவது இருக்கட்டும், இருவரும் ஒரே விமானத்தில் போகாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

படி 4: ஓபிஎஸ்ஸில் ப்ரொஃபைல் வேறு, சீன் கலெக்‌ஷன் வேறு

சீன் கலெக்‌ஷனை மாற்றினால் திரையில் குழுவின் சின்னமும் தலைப்பும் வந்துவிடும், அதைப் பார்த்து எல்லாம் மாறிவிட்டது என்று மனம் நம்பிவிடும். ஆனால் எந்தச் சேனலுக்கு ஒளிபரப்பு போகிறது என்பது ஓபிஎஸ்ஸின் ப்ரொஃபைலில் இருக்கிறது, இது உலாவியின் ப்ரொஃபைல் அன்று. ஸ்ட்ரீம் கீ அங்கேதான் சேமிக்கப்படுகிறது. ஒரு முறை குழுவின் சின்னத்தோடு ஒத்திகை முழுவதும் என் சொந்தச் சேனலில் பொதுவில் ஓடியது. ஆகவே கணக்குக்கு ஒரு ப்ரொஃபைல், ஒரு சீன் கலெக்‌ஷன், இரண்டுக்கும் ஒரே பெயர். தொடங்குமுன் சாளரத்தின் தலைப்புப் பட்டையைப் பாருங்கள், இரண்டு பெயர்களும் அங்கே தெரியும்.

ஸ்ட்ரீம் கீ ஒரு கடவுச்சொல். அது திரைவீச்சில் ஒரு நொடி தெரிந்துவிட்டாலும் உடனே புதிதாக மாற்றுங்கள். வேறொருவர் அதைக் கொண்டு உங்கள் சேனலில் எதையாவது ஒளிபரப்பினால் ஸ்டிரைக் உங்களுக்குத்தான் வரும்.

படி 5: ஸ்டிரைக்கைத் தவிர்ப்பது, விழுந்தால் செய்வது

நிகழ்ச்சியில் ஒலிக்கவிருக்கும் இசையை ஒரே காணொளியாகத் தொகுத்து, ஒரு வாரம் முன்பே தனிப்பட்ட காணொளியாகப் பதிவேற்றுங்கள். பதிவேற்றத்தின் 'சரிபார்ப்பு' கட்டத்திலேயே எந்தப் பாடலுக்குக் கோரல் வருகிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைத் தாண்டி நீக்கக் கோரிக்கை வர வாய்ப்பு உண்டு என்றாலும், ஏப்ரலில் இதைச் செய்திருந்தால் அந்தப் பாடலையாவது மாற்றியிருப்போம். மண்டபத்தில் பாட, இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமம் தரும் காம்பஸ் அமைப்பிடம் உரிமம் வாங்கியிருப்பது, ஒலிப்பதிவின் உரிமையாளர் இணைய ஒளிபரப்புக்குத் தந்த அனுமதி ஆகாது. எங்கள் குழுவில் இதை விளக்க ஒரு கூட்டமே போட வேண்டியிருந்தது.

ஸ்டிரைக் விழுந்துவிட்டால் முதலில் எல்லாக் கணக்குகளிலும் கையை எடுங்கள். காப்புரிமை ஸ்டிரைக்குக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: 90 நாள் காத்திருப்பது, உரிமையாளரிடம் கோரிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்பது, நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்பு அனுப்புவது. மூன்றாவதை விளையாட்டாகச் செய்யாதீர்கள். அது சட்ட ஆவணம், உங்கள் முழுப் பெயரும் முகவரியும் எதிர்த்தரப்புக்குப் போகும். நாங்கள் உண்மையை ஒப்புக்கொண்டு உரிமையாளருக்குப் பணிவாக எழுதினோம், பதில் வரவில்லை, காத்திருந்தோம்.

பின்சேர்க்கை

படித்தவர்களில் இருவர் விபிஎன் (உங்கள் இணைய முகவரியை மறைத்து வேறிடத்திலிருந்து நுழைவதாகக் காட்டும் சேவை) பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். என் கருத்து, வேண்டாம். சிங்கப்பூரின் அங் மோ கியோவிலிருந்து நுழைந்த கணக்கு பத்து நிமிடத்தில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நுழைந்தால் அது திருட்டுபோலத்தான் தெரியும். பொது விபிஎன் முகவரிகளில் யார் யாரோ செய்த குப்பையின் நிழலும் உங்கள்மேல் விழும். ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான்கு பேர் ஒரே வைஃபையில் இருப்பதற்காக அஞ்ச வேண்டாம். கைபேசி இணைப்புகளில் ஏராளமானோர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், முகவரியை மட்டும் வைத்து ஆளை முடிவுசெய்ய முடியாது. தடைசெய்யப்பட்டவரின் கணக்கை உங்கள் உலாவியில் திறக்க விடுவதுதான் ஆபத்து.

பதினான்கு வயது மகளின் நடனச் சேனலைக் குழுவின் சேனலோடு சேர்த்து நடத்தலாமா என்று ஒரு தாயார் கேட்டார். 2025 ஜூலை 22 முதல், 16 வயதுக்குக் குறைந்தவர்கள் யூடியூபில் தனியாக நேரலை செய்ய முடியாது. பெரியவர் ஒருவர் காணொளியில் உடன் தெரிய வேண்டும். அதை அறியாமல் மகள் மட்டும் ஆடிய நேரலையைக் குழுவின் சேனலில் போட்டால் முடங்குவது குழுவின் நேரலைதான். நாங்கள் இப்போது மேடையோரத்தில் நட்டுவனார் அமர்ந்திருப்பதும் தெரியும்படி கேமராவைச் சற்று அகலமாக வைக்கிறோம்.