டிவியை அணைப்பதற்கு முன்பே பாண்டிக் கட்டம் போட்டு வையுங்கள்

மகனும் மருமகளும் ஓ.எம்.ஆர். ஆபீசிலிருந்து மந்தைவெளிக்கு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். அதுவரை நாலு வயதுப் பேத்தி என் பொறுப்பு. வெறுமனே "டிவியை ஆஃப் பண்ணு" என்றால் எந்தக் குழந்தையும் கேட்காது. அணைத்ததும் ஓடுவதற்கு ஓர் இடம் தயாராக இருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னபடி, 2 முதல் 4 வயது வரை டிவி, போன் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வயதுக்குள் வேண்டவே வேண்டாம். ஆனால் உடம்பு அசைவது நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணி நேரம்; மூன்று வயது தாண்டினால் அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குகிற ஆட்டமாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் தரைச் சூடு தணிந்ததும் மொட்டை மாடியில் சாக்பீஸால், சில்லு எறிந்து நொண்டியடிக்கும் பாண்டி ஆட்டத்துக்கு மூன்றே கட்டம் போடுங்கள். எட்டுக் கட்டமெல்லாம் அப்புறம். முதலில் இரண்டு காலாலும் குதிக்கட்டும், பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டட்டும். சில்லுக்கு உடைந்த டைல்ஸ் வேண்டாம், ஓரம் கையைக் கிழிக்கும். பழைய துணியில் புளியங்கொட்டை போட்டு இறுக்கி முடிந்தால், விழுந்த இடத்திலேயே நிற்கும். ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து அதை எடுப்பதுதான் கஷ்டம்; உடம்பைச் சமாளிக்கக் கற்பதும் அங்கேதான். அவசரப்படுத்தாதீர்கள். மழை நாளில் ஹாலிலேயே தலையணைகளைப் பரப்பித் தாண்ட விடலாம்.

ஞாயிறு காலை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுகிற குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு.

டிவி முன்னால் ஊட்டவே ஊட்டாதீர்கள். கண் அங்கே இருக்கும், வாய் தானாகத் திறக்கும், வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது. "இல்லன்னா சாப்பிடவே மாட்டா அத்தை" என்றாள் மருமகள். சாப்பிடாவிட்டால் போகட்டும், அடுத்த வேளை பசிக்கும். தரையில் உட்கார வைத்து, பருப்புச் சாதத்தைத் தன் விரலாலேயே எடுக்க விடுங்கள். பாதி சிந்தும், துடைத்துக்கொள்ளலாம்.

கார்ட்டூனை நடுவில் நிறுத்த வேண்டாம், அழுகை நிச்சயம். அந்தக் கதை முடிகிற இடத்தில் அணையுங்கள். தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் டிவி ஓயட்டும். பெரியவர்கள் சீரியலும் இதில் சேர்த்தி; என்னுடையதை அவள் தூங்கியபின் போனில் இயர்போன் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.