அஞ்சரைக் கட்டைக்கு கிட்டார் வாசிப்பது எப்படி?

மேலூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா. என்னுடைய முதல் இன்னிசைக் கச்சேரி. வழக்கமாகப் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் வேறொரு அக்கா வந்திருந்தார். பாட்டுக்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "தம்பி, இது எனக்கு அஞ்சரை" என்றார். நானும் தலையை ஆட்டிவைத்தேன். அஞ்சரை மணிக்கு என்ன என்று யோசிப்பதற்குள் தபேலாக்காரர் ஆரம்பித்துவிட்டார். அந்தப் பாட்டு முழுக்க வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு வெறும் கையை ஆட்டினேன். கூட வந்திருந்த சித்தப்பா கீழே இறங்கியதும், "அந்தப் பாட்டுதான்டா நல்லா வாசிச்ச" என்றார்.

தமுக்கம் சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கிய புல்புல்தாராவில் ஆரம்பித்து, மார்கழி பஜனையில் ஆர்மோனியம் அமுக்கி, 26 வயதில் கிட்டாருக்கு வந்தவன் நான். பகலில் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. வீட்டில் நாலு கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) வாசிப்பீர்கள், உள்ளூர்க் குழு ஒன்றில் போய் உட்கார ஆசை என்றால், இந்தச் செய்முறை உங்களுக்குத்தான்.

படி 1: சுதி

தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை வரிசை இது: இ, ஏ, டி, ஜி, பி, இ. போனில் ஒரு டியூனர் செயலி இருந்தால் போதும். ஏ = 440 என்று அதில் அமைத்துக்கொள்ளுங்கள். சுதி ஏறிப்போனால் அப்படியே இறக்கி நிறுத்தக் கூடாது. தேவைக்குக் கீழே இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். இல்லாவிட்டால் முறுக்காணியில் இருக்கும் தொய்வு இரண்டு பாட்டுக்குள் வேலையைக் காட்டிவிடும்.

கோயிலில் நாயனம் வாசித்து முடித்த கையோடு மேடை ஏறுகிறீர்கள் என்றால் காதை நம்பாதீர்கள், டியூனரையே பாருங்கள். பாரி நாயனம், அதாவது நீளமான நாதஸ்வரம், பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும் (கட்டை என்பது சுதியின் அளவு, கணக்கு படி 3-ல்). அந்தச் சத்தம் காதை விட்டு இறங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

படி 2: இரண்டு குடும்பம்

நூறு கார்டு தெரிய வேண்டாம். சி, எஃப், ஜி, ஏ மைனர் ஒரு குடும்பம். ஜி, சி, டி, இ மைனர் இன்னொன்று. எஃப் கார்டை முழுசாகப் பிடிக்க வராவிட்டால் கீழ் நாலு கம்பிக்கு மட்டும் பிடியுங்கள். குழுவில் கீபோர்டும் பேஸும் இருக்கும்போது யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குத் தாளம் விடாமல் மாற வேண்டும், அவ்வளவுதான். விரல்நுனி காய்த்துப்போகச் சில வாரம் ஆகும். அதுவரை வலிக்கும், சோற்றுக் குழம்பு காரமாக இருந்தால் எரியவும் செய்யும்.

படி 3: கட்டைக் கணக்கு

நான் தலையை ஆட்டி மாட்டிக்கொண்ட இடம் இதுதான். கிட்டார் புத்தகம் சி, டி என்று பேசும். நம் ஊர்ப் பாடகர்கள் கட்டையில் பேசுவார்கள். இரண்டும் ஒன்றுதான்.

ஆர்மோனியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கட்டைகள் முழு எண்: சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரை: சி ஷார்ப் ஒன்றரை, ஜி ஷார்ப் ஐந்தரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பு கிடையாது. அதனால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லவே இல்லை. யாராவது "மூணரைல எடு" என்றால் உங்களைச் சோதிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கீபோர்டுக்காரருக்குச் சுதியை மாற்றித்தர டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. நமக்கு இருப்பது கேப்போ. கிட்டாரின் கழுத்தில் மாட்டும் அந்தக் கிளிப்பை ஒரு கட்டம் (கழுத்தில் இரண்டு உலோகக் கோடுகளுக்கு நடுவில் உள்ள இடம்) தள்ளி மாட்டினால் சுதி ஒரு அரைசுரம் ஏறும், விரல் வைக்கும் விதம் மாறாது.

ஆண் குரல் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டரைக்குள் நிற்கும். அதற்கு சி குடும்பம். ஒன்று என்றால் கேப்போ வேண்டாம், ஒன்றரைக்கு முதல் கட்டம், இரண்டுக்கு இரண்டாவது, இரண்டரைக்கு மூன்றாவது. பெண் குரல் ஐந்து, ஐந்தரை, ஆறு என்று வரும். அதற்கு ஜி குடும்பம். ஐந்துக்குக் கேப்போ இல்லை, ஐந்தரைக்கு முதல் கட்டம், ஆறுக்கு இரண்டாவது. அன்றைக்கு அந்த அக்கா கேட்டதெல்லாம் ஜி பிடித்து ஒரே ஒரு கட்டம் கேப்போ. என்னிடம் கேப்போ இருந்தது, பைக்குள்.

மைனர் பாட்டு என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே இ மைனர் மூன்று கட்டை, ஏ மைனர் ஆறு கட்டை. அதே ஐந்தரைக்கு மைனர் கேட்டால் இ மைனர் பிடித்து நான்காவது கட்டத்தில் மாட்டுங்கள். இதை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கிட்டாரின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் இன்றும் ஒட்டித்தான் வைத்திருக்கிறேன், வெட்கமில்லை.

படி 4: நடை

மெலடி பெரும்பாலும் நாலு எண்ணிக்கையில் போகும், அது சிக்கலில்லை. குத்துப்பாட்டு வந்தால் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாக ஓடும். ஆரம்பத்தில் 'த' விழும் இடத்தில் மட்டும் கையைக் கீழே இறக்குங்கள். 'கிட'வை ரிதம் பேட் தட்டுகிறவர் பார்த்துக்கொள்வார். எல்லாவற்றையும் நாமே நிரப்பப் போனால் வேகம் ஏறிவிடும், அப்புறம் பாடுகிறவருக்கு மூச்சு விட இடமிருக்காது.

படி 5: ஒத்திகை நோட்டு

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். மேலே பாடுகிறவர் பெயர், கட்டை, கேப்போ எந்தக் கட்டம். கட்டையைப் பென்சிலில் எழுதுங்கள், ஆள் மாறும். கீழே பல்லவி, முதல் பி.ஜி.எம். (பாட்டுக்கு நடுவில் வரும் இசை), சரணம், இரண்டாவது பி.ஜி.எம். என்று ஒவ்வொன்றும் எத்தனை பார், அதாவது எத்தனை தாளச் சுற்று. பாட்டு வரிகளை எழுத வேண்டாம், பி.ஜி.எம். எங்கே முடிகிறது என்பதுதான் மேடையில் மறக்கும்.

படி 6: மேடை

போகஸ் லைட் சூட்டில் கம்பி தளர்ந்து சுதி இறங்கும். நள்ளிரவுக்கு மேல் பனி இறங்கினால் கம்பி குளிர்ந்து சுதி ஏறும். மூன்று பாட்டுக்கு ஒரு தடவை டியூனரைப் பாருங்கள்.

கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டு சுருக்கென்றால் எர்த் சரியில்லை என்று பொருள். கூச்சப்படாமல் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்செட் அண்ணனைக் கூப்பிடுங்கள். "லேசாத்தான் அடிக்கும், பழகிரும்" என்பார். பழகக் கூடாது. சரிசெய்த பிறகுதான் அடுத்த பாட்டு.

உபரியாக ஒரு செட் கம்பி, இரண்டு ஜாக் ஒயர், டியூனருக்குப் பேட்டரி, இவ்வளவும் பையில் இருக்கட்டும். கேப்போ மட்டும் பையில் வேண்டாம், கிட்டாரின் தலையிலேயே மாட்டி வையுங்கள்.

இன்னொன்று. கச்சேரிக்கு முன்னால் கோயில்காரர்கள் பந்தியில் உட்காரவைப்பார்கள், மறுக்க முடியாது. சாப்பிட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சர்க்கரைப்பொங்கல் நெய் பட்ட விரல் கம்பியில் நிற்காது, வழுக்கும். அது என் இரண்டாவது கச்சேரி.