தேவனுடைய சாட்சியைத் தியானிப்பது எப்படி: 1 யோவான் 5:6-12

நம் சபைகளில் "சாட்சி" என்றால், சுகம் கிடைத்ததையோ வேலை அமைந்ததையோ எழுந்து நின்று சொல்வது என்றே பொருளாகிவிட்டது. யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்திலோ சாட்சி சொல்லுகிறவர் தேவன். மனிதன் கேட்கிற இடத்தில் இருக்கிறான். ஆகவே இப்பகுதியைத் தனியாகவோ வீட்டு ஜெபக்கூட்டத்திலோ தியானிக்க முற்படுகிறவர், தம் அனுபவத்தை முன்னால் வைக்காமல், 6 முதல் 12 வரையுள்ள வசனங்களை இருமுறை சத்தமாக வாசித்து, "சாட்சி" என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, அங்கே பேசுகிறவர் யார் என்று ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்லது.

வாசிக்கும்போதே ஒரு கேள்வி எழும். பழைய மொழிபெயர்ப்பின் 7ஆம் வசனத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் பரலோகத்தில் சாட்சியிடுகிறார்கள். பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவ்வரி இல்லை. தொன்மையான கிரேக்கக் கைப்பிரதிகளில் காணப்படாத அதை, கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்மஸ் தம் 1516, 1519ஆம் ஆண்டுப் பதிப்புகளில் அச்சிடவில்லை, 1522இல்தான் சேர்த்தார். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். பிதா, குமாரன், ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன் என்னும் திரித்துவ உபதேசம் அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை.

நின்று நிதானிக்க வேண்டிய இடம் ஆவி, ஜலம், இரத்தம் என்னும் மூன்று சாட்சிகள். இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினால் காரியம் நிலைவரப்படவேண்டும் என்ற உபாகமம் 19:15ஐ இதன் அருகில் வைத்து வாசியுங்கள். ஜலத்தை யோர்தானில் இயேசு பெற்ற ஞானஸ்நானமாகவும் இரத்தத்தைச் சிலுவை மரணமாகவும் கொள்வது பரவலான விளக்கம். "ஜலத்தினாலே மாத்திரமல்ல" என்று யோவான் ஏன் அழுத்துகிறார்? ஞானஸ்நானத்தில் இயேசுவின்மேல் இறங்கிய கிறிஸ்து, பாடுகளுக்கு முன்பே அவரை விட்டு நீங்கினார் என்று செரிந்தஸ் என்ற மாறுபோதகர் போதித்ததாக, இரண்டாம் நூற்றாண்டுச் சபைத் தலைவரான இரனேயு எழுதியிருக்கிறார். அத்தகைய போதனைக்கு எதிரே, பாடுபட்டவரும் அவரே என்று இரத்தம் சாட்சியிடுகிறது.

அடுத்து 9ஆம் வசனத்தில் தேவன் சாட்சி கொடுத்ததைச் சொல்லும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் அது, சொல்லி முடித்தது இன்றும் நிலைத்திருக்கிறது என்ற பொருள்படும் வினைக்காலத்தில் அமைந்துள்ளது. "கொடுத்திருக்கிறார்" என்ற தமிழ் வடிவம் அதற்கு வெகு அருகில் வருகிறது. புதிதாக ஓர் அடையாளம் தாரும் என்று கேட்கும் பழக்கம் இங்கே தடைபடுகிறது.

மறுமொழிக்கு 10ஆம் வசனம் இரண்டே வழிகளைத் தருகிறது: விசுவாசித்து அச்சாட்சியைத் தனக்குள் கொண்டிருப்பது, அல்லது தேவனைப் பொய்யராக்குவது. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழுவது மேல் என்பார்கள். இங்கே நாம் பகைத்துக்கொண்டவரே சாட்சிக்காரராகவும் நிற்கிறார். உங்கள் மறுமொழியை "ஆண்டவரே, நீர் சொன்னது..." என்று தொடங்கி மூன்று நான்கு வரிகளில் ஜெபமாக எழுதுங்கள். தமக்குள் அப்படி எந்தச் சாட்சியும் தென்படவில்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னால், அவருடைய உணர்ச்சிகளைத் துருவாமல், தேவன் நித்தியஜீவனைத் தந்திருக்கிறார், அந்த ஜீவன் அவருடைய குமாரனில் இருக்கிறது என்ற 11ஆம் வசனத்தை அவரையே வாசிக்கச் சொல்லிச் சற்று நேரம் எல்லாரும் அமைதியாக இருங்கள்.