பூட்டியதாக நினைத்த கதவுகள்: லினக்ஸ் சேவையகப் பாதுகாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் சேவையகம் ஒன்றில் ஊடுருவல் நடந்தபின் விசாரித்துப் பார்த்தால், பல வேளைகளில் அதன் நிர்வாகி சோம்பேறியாக இருந்திருக்க மாட்டார். கடவுச்சொல் நுழைவை நிறுத்தியிருப்பார், வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் அமைத்திருப்பார், புதுப்பிப்புகளையும் தவறாமல் நிறுவியிருப்பார். செய்தவை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தனவா என்று மட்டும் சோதித்திருக்க மாட்டார். இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன.

தொலைவிலிருந்து சேவையகத்துக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையை எடுத்துக்கொள்வோம். கடவுச்சொல்லை அறவே நிறுத்தி, கோப்பாக வைத்திருக்கும் திறவுகோல் வழி நுழைவை மட்டும் அனுமதிக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. அதற்கான வரியை அமைவுக் கோப்பின் அடியில் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவதுதான் தவறு. அந்தக் கோப்பில் ஒரே தெரிவு இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததே செல்லும், பின்னால் வந்தது புறக்கணிக்கப்படும். லினக்ஸ் வெளியீடுகளான உபுண்டுவும் டெபியனும் கோப்பின் தொடக்கத்திலேயே துணைக் கோப்புறையில் உள்ள அமைவுகளை உள்ளிழுத்துக்கொள்கின்றன. வாடகைக்கு எடுக்கும் சேவையகங்களில், முதல்முறை இயங்கும்போது கிளவுட்-இனிட் என்னும் நிரல் அதே கோப்புறையில் கடவுச்சொல் நுழைவை அனுமதிக்கும் வரியை எழுதி வைத்திருக்கக்கூடும். அப்படியானால் நீங்கள் அடியில் எழுதிய தடைக்கு எந்தப் பயனும் இல்லை. எஸ்எஸ்எச் சேவையை நடத்தும் எஸ்எஸ்எச்டி நிரலைப் பெரிய எழுத்து டி (-T) தெரிவுடன், முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கில் இயக்கினால், எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்தபின் கிடைக்கும் இறுதி அமைவைக் காட்டும். சிறிய எழுத்து டி (-t) அமைவில் பிழை உண்டா என்று சோதிக்குமே தவிர, இறுதி அமைவைக் காட்டாது. மாற்றம் செய்யும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், வேறொரு முனையத்திலிருந்து நுழைந்து பார்ப்பது, நீங்களே வெளியில் நிற்கும் நிலை வராமல் காக்கும். சேவைக்கு வாசலாக இருக்கும் போர்ட்டின் எண்ணை 22இலிருந்து மாற்றுவது நிகழ்வுப் பதிவேட்டில் குப்பை சேர்வதைக் குறைக்கும். அதைப் பாதுகாப்பு என்று நான் கணக்கில் வைப்பதில்லை.

இதைவிட ஏமாற்றுவது, ஃபயர்வாலும், நிரல்களைக் கன்டெய்னர் என்னும் தனித்தனிப் பெட்டிகளில் இயக்கும் டாக்கரும் சேரும் இடம். யுஎஃப்டபிள்யூ என்னும் ஃபயர்வால் கருவி வழியாக எல்லாப் போர்ட்டுகளையும் அடைத்துவிட்டு, ஒரு தரவுத்தளக் கன்டெய்னரின் போர்ட்டை வெளிப்படுத்தி இயக்கினால், அது இணையம் முழுவதற்கும் திறந்துவிடும். வந்த பொதியின் (வலையமைப்பில் பயணிக்கும் தரவுத் துண்டின்) சேரிட முகவரியை டாக்கர் தொடக்கத்திலேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றிவிடுவதால், அது உள்வரும் பொதிகளுக்கான விதிகளைத் தொடாமல், கடத்தப்படும் பொதிகளுக்கான பாதையில் போய்விடுகிறது. யுஎஃப்டபிள்யூவின் நிலையைக் கேட்டால், எல்லாம் அடைபட்டிருப்பதாகவே அது சொல்லும். ரெடிஸ் தரவுத்தளத்தில் இது இன்னும் மோசம்: கடவுச்சொல் இல்லாமல் வெளியாரை ஏற்காத பாதுகாப்பு முறை 2016இல் 3.2ஆம் பதிப்பில் வந்தது என்றாலும், கன்டெய்னர்கள் தமக்குள் பேச வசதியாக, டாக்கருக்கான அதிகாரபூர்வப் படிமத்தில் அது அணைக்கப்பட்டே வருகிறது. அந்தப் பாதுகாப்பு இல்லாத நாட்களில், ரெடிஸின் சேமிப்புக் கோப்புறையையே மாற்றி, தங்கள் எஸ்எஸ்எச் திறவுகோலைச் சேவையகத்துக்குள் எழுதிவிட்டு நுழைந்தவர்கள் உண்டு. வெளியார் அணுகத் தேவையில்லாத போர்ட்டை அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்தே வெளிப்படுத்துங்கள். அதே கன்டெய்னர் வலையமைப்பில் உள்ள பயன்பாடு மட்டுமே அணுகுவதானால் வெளிப்படுத்தவே வேண்டாம்.

ஐபிடேபிள்ஸ் என்னும் ஃபயர்வால் கருவியில் கையால் விதி எழுதுவோர் மறப்பது, இணைய முகவரிகளின் புதிய வகையான ஐபிவி6. அந்த விதிகள் பழைய வகையான ஐபிவி4க்கு மட்டுமே பொருந்தும். முன்வாசலை அடைத்த அதே சேவையகம் ஐபிவி6 முகவரியில் திறந்தே கிடக்கலாம். அதன் இடத்துக்கு வந்த என்எஃப்டேபிள்ஸில் இரண்டுக்கும் பொதுவான ஒரே அட்டவணையை எழுத முடியும்.

புதுப்பிப்பு விஷயத்தில், நிறுவியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது தவறு. 2014 ஏப்ரலில் இணைப்புகளை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் நிரல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, திருத்திய நூலகம் வட்டில் இருந்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வலைச் சேவைகள் பழைய நூலகத்தையே நினைவகத்தில் வைத்திருந்தன. அவற்றை மறுதொடக்கம் செய்யும்வரை ஓட்டை அடைபடவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் இதே கதைதான். எந்தச் சேவை பழைய நூலகத்தோடு ஓடுகிறது என்பதை நீட்ரீஸ்டார்ட் கருவி பட்டியலிடும். ஆதரவு முடிந்த வெளியீடுகளுக்கோ திருத்தமே வராது. சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் வெளியீட்டின் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. புதுப்பிப்பு எதுவும் வராததையே எல்லாம் சரியாக இருப்பதன் அடையாளமாக எண்ணி நிம்மதி அடைவது தவறு.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கைக் கடவுச்சொல் கட்டளையால் பூட்டுவதும் அரைகுறைதான். அது கடவுச்சொல்லை மட்டுமே செல்லாததாக்கும். அவருடைய எஸ்எஸ்எச் திறவுகோல் கோப்பில் இருக்கும்வரை அவர் உள்ளே வரலாம். கணக்கையே காலாவதியாக்க வேண்டும். அவருடைய திறவுகோல் ரூட் கணக்கிலும் பொதுக் கணக்குகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தேட வேண்டும், ஏனெனில் அவசரத்தில் அங்கே சேர்த்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

உள் வலையமைப்பில் இருப்பவர்கள் எல்லோரும் நம்பத் தகுந்தவர்கள் என்ற எண்ணம் இன்னொரு பெரிய பிழை. 2016இல் பரவிய மிராய் தீநிரல், கேமராக்களையும் ரவுட்டர்களையும் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களைக் கொண்டே பிடித்தது. அதனிடம் இருந்த பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகள் ஏறத்தாழ அறுபதுதான். ஒரு சிறிய அலுவலகத்தில் கண்காணிப்புக் கேமராவின் பதிவுக் கருவியும் கணக்கு வழக்குச் சேவையகமும் ஒரே சுவிட்சில், தடுப்பு எதுவுமின்றி இருந்தால், அந்தக் கருவியைப் பிடித்தவர் சேவையகத்தின் பக்கத்து வீட்டில் குடியேறிவிட்டார் என்று பொருள். ஒரே சுவிட்சைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் விலேன் மூலம் இரண்டையும் பிரித்து, கேமராக்களின் பகுதியிலிருந்து சேவையகப் பகுதிக்குப் புது இணைப்பு எதுவும் தொடங்க முடியாதபடி விதி எழுதுவது, சுவிட்ச் அதற்கு இடம் தருமானால், அதிக வேலை அல்ல. பதிவேடுகளை வேறொரு கணினிக்கும் உடனுக்குடன் அனுப்புங்கள். ரூட் உரிமை பெற்றவர் உள்ளே இருக்கும் பதிவுகளை அழித்துவிடுவார்.

எல்லாவற்றையும் முடித்தபின், கைப்பேசி இணைய இணைப்பு போன்ற வெளி வலையமைப்பிலிருந்து, உங்கள் சேவையகத்தை மட்டும், திறந்த போர்ட்டுகளைத் தேடும் என்மேப் கருவி கொண்டு சோதியுங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: தெரிவு எதுவும் தராமல் இயக்கினால் அது பரவலாகப் பயன்படும் 1,000 டிசிபி போர்ட்டுகளை மட்டுமே, ஐபிவி4இல் மட்டுமே பார்க்கும். 65,535 போர்ட்டுகளையும் ஐபிவி4, ஐபிவி6 ஆகிய இரண்டு முகவரிகளிலும் பார்க்கும்படி கேட்டு, வரும் பட்டியலைச் சேவையகத்துக்குள் எஸ்எஸ் (ss) கட்டளை காட்டும் திறந்த போர்ட்டுகளின் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, எதற்காகத் திறந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியாத போர்ட்டை முதலில் மூடுங்கள்.