பிரேக் டிஸ்க்கைக் கடைசல் பிடிக்கலாமா, மாற்ற வேண்டுமா: அளந்து முடிவெடுக்கும் முறை

காரின் முன் சக்கரத்தோடு சுழலும் இரும்பு வட்டான பிரேக் டிஸ்க்கில் இசைத்தட்டைப் போல வரிவரியாகக் கோடுகள் விழுந்துவிட்டால், பட்டறையில் இரண்டு விதமான யோசனைகள் கிடைக்கும். லேத்தில் கொடுத்து ஒரு கடைசல் பிடித்து, மேல்முகத்தைச் சீவிச் சமமாக்கினால் போதும் என்று ஒருவர் சொல்வார்; கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள் என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்கிறார்கள். ஆனால் இது மில்லிமீட்டர் கணக்கு. அதிலும், இன்றைக்கு டிஸ்க்கில் எவ்வளவு தடிமன் இருக்கிறது என்பதைவிட, கடைந்த பிறகு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் முடிவைச் சொல்லும்.

கழற்றுவதும் பார்ப்பதும்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியில் தூக்கி, கட்டாயமாக ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைக் கழற்றியதும் அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அது நுரையீரலுக்கு ஆகாது.

முதலில் டிஸ்க்கின் முகத்தைப் பாருங்கள். மழையில் நின்ற வண்டியில் படியும் மெல்லிய துரு, நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்காக எதையும் செய்ய வேண்டியதில்லை. வெளி விளிம்பு வரை ஓடும் விரிசலோ, நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான விரிசலோ இருந்தால் அளக்கவே வேண்டாம். அந்த டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தாலும் மாற்றுவதே என் யோசனை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கி வந்த வண்டிகளில் இத்தகைய திட்டுகளைப் பார்க்கலாம். டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. சூடு அளவு மீறும் இடங்களில் அந்த இரும்பின் உள்ளமைப்பே மாறிக் கெட்டிப்பட்டுவிடுகிறது. மேலாகக் கடைந்து எடுத்தாலும், கெட்டிப்பட்ட பகுதி ஆழத்தில் தங்கி, சில மாதங்களில் மேடாக எழுந்து மறுபடியும் பெடலை உதறவைக்கும்.

அளப்பது

டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ வெளி விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். துருவில் மறைந்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சில புத்தகங்களில் எவ்வளவு வரை கடையலாம் என்ற எண்ணும், எதற்குக் கீழே போனால் தூக்கி எறிய வேண்டும் என்ற எண்ணும் தனித்தனியாகத் தரப்பட்டிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது டிஸ்க்கின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நகத்தை நகர்த்திப் பாருங்கள். ஓரத்தில் ஒரு சிறு படியில் நகம் முட்டும். டிஸ்க்கை அழுத்தி உரசும் பேட் தொடாத இடம் அது. தேயாமல் உதடு போல நிற்கிறது. புதிதாக அளப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெர்னியர் அளவுகோலை நேராக வைத்துப் பிடித்தால் அதன் தாடைகள் இந்த உதட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்க்கைப் புதிது போலக் காட்டும். மைக்ரோமீட்டர் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இல்லாதவர்கள், ஒரே மாதிரியான இரண்டு நாணயங்களை உதட்டுக்கு உட்புறமாக, டிஸ்க்கின் இரு முகங்களிலும் நேருக்கு நேராக வைத்து, வெர்னியரால் மொத்தமாக அளந்து, இரு நாணயங்களின் தடிமனைக் கழித்துக்கொள்ளலாம்.

வெளி விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, வட்டத்தைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து, தாளில் எழுதுங்கள். எட்டில் மிகக் குறைவான எண்ணே உங்கள் டிஸ்க்கின் தடிமன். சராசரி எடுக்கக் கூடாது. மைக்ரோமீட்டரில் அளக்கும்போது பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் 0.02 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஆடுவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. டிஸ்க் பெண்ட் ஆகிவிட்டது என்று பட்டறைகளில் சொல்லும் கோளாறு பெரும்பாலும் வளைவு அல்ல, இந்தத் தடிமன் வேறுபாடுதான்.

கழித்துப் பார்ப்பது

ஓர் எடுத்துக்காட்டு: புதிதாக இருந்தபோது 22 மி.மீ., குறைந்தபட்சம் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இடது டிஸ்க்கில் இப்போது 20.8 இருக்கிறது, இரு முகங்களிலும் 0.3 மி.மீ. ஆழத்துக்குக் கோடுகள். கோடுகள் மறையும் வரை கடைந்தால் 0.6 போய், 20.2 மிஞ்சும். சட்டப்படி இது பிழைத்த டிஸ்க்தான். ஆனால் புதிய பேட் போட்டு ஓட்டும்போது தேய்வதற்கு அதில் 0.2 மி.மீ. மட்டுமே இருக்கிறது, பேட் பாதி தேய்வதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. பேட்டும் தேய்ந்த நிலையில், அதைத் தள்ளும் காலிபர் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும். கடைந்த பிறகு அரை மில்லிமீட்டராவது மிஞ்சாவிட்டால் கடைசல் கூலி வீண் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு.

அதே வண்டியின் வலது டிஸ்க்கில் 21.5 இருக்கிறது, கோடுகளும் லேசானவை என்றால், அதை மட்டும் பார்த்தால் தாராளமாகக் கடையலாம். ஆனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கக்கூடும். அதோடு, இடதும் வலதும் இவ்வளவு வித்தியாசமாகத் தேய்ந்திருப்பதே ஒரு தடயம். இடது காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறதா, பிஸ்டன் திரும்பாமல் நிற்கிறதா என்று பார்க்காமல் புது டிஸ்க்கைப் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

(பின் சக்கரத்தில் டிரம் இருந்தால் கணக்கு தலைகீழ்: அங்கே உள்விட்டம் தேயத் தேயப் பெரிதாகும் என்பதால், அதிகபட்ச விட்டமே பொறிக்கப்பட்டிருக்கும்.)

ஹப்பை மறந்துவிடாதீர்கள்

ஒருமுறை என் வண்டியின் டிஸ்க்குகளைக் கடைந்து மாட்டினேன். பளபளவென்று இருந்தன, உதறலும் நின்றது. சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஸ்டீயரிங் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தபோது, டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் மிளகாய் விதை அகலத்துக்கு ஒரு துருச் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருக்கும் அந்தச் செதில் டிஸ்க்கைச் சாய்த்துவிட, ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேட்டில் உரசி, அங்கே மட்டும் தேய்ந்திருக்கிறது. ஆகவே கடைந்த டிஸ்க்கானாலும் புதிதானாலும், ஹப்பை உப்புத்தாளால் தேய்த்து, வெறும் விரலால் தடவிப் பார்த்த பிறகே மாட்டுங்கள். இரண்டு நட்டுகளை வாஷரோடு முடுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பார்க்கும்போது, ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. பல வண்டிகளுக்கு 0.10 வரை அனுமதி உண்டு.

மாட்டுவது

கடைந்த டிஸ்க்கைச் சோப்பு நீரில் கழுவி, பனியன் துணியில் கரி ஒட்டாமல் போகும் வரை துடையுங்கள். வெறும் துணியால் துடைத்தால் இரும்புப் பொடி முழுதாகப் போகாது. புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயை பிரேக் கிளீனரால் எடுத்துவிடுங்கள். எந்த வழியில் போனாலும் பேட் புதிதாக இருக்கட்டும். பழைய கோடுகளின் அச்சு பதிந்த பேட், சமமான முகத்தில் முழுதாக உட்காராது. வீல் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, ஒரே இறுக்கத்தில் முடுக்குங்கள்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்குங்கள். இல்லாவிட்டால் முதல் மிதிப்பில் பிரேக்கே பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறைப்பதை எட்டு, பத்து முறை, இடையில் ஆறவிட்டுச் செய்யுங்கள். இந்தச் சமயத்தில் சூடான டிஸ்க்கோடு பெடலை மிதித்தபடி ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. பேட்டின் பொருள் அந்த இடத்தில் மட்டும் அச்சாகப் பதிந்துவிடும்.