மெலியோய்டோசிஸ் கிருமி எந்த மண்ணிலிருந்து வந்தது? மரபணு வழியே தடம் பிடிக்கும் முறை

தாய்லாந்தின் வடகிழக்கில், உபோன் ராட்சதானியைச் சுற்றியுள்ள நெல்வயல்களில் சேற்றில் இறங்கி வேலை செய்கிறவர்களை மழைக்காலந்தோறும் தாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். மண்ணில் வாழும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்ற பாக்டீரியாதான் காரணம். சர்க்கரை நோயாளிகளை இது அதிகம் தாக்குகிறது. நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிருமி எங்கிருந்து வந்தது என்று சொல்லப் பாதி வேலை வயலிலேயே நடக்க வேண்டும். அங்கே பிசகினால் எவ்வளவு செலவழித்து சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாகப் படிப்பது) செய்தும் பயனில்லை.

மண் மாதிரி எடுக்க ஒரு வயலுக்கு 100 குழிகள். 2.5 மீட்டர் இடைவெளியில் 5 வரிசை, வரிசைக்கு 20 குழி. இந்தக் கிருமி திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஐந்தாறு குழி தோண்டிவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவது பெரும் தவறு. ஆழம் 30 சென்டிமீட்டர். மேல்மண் வெயிலில் காய்ந்துவிடும் என்பதால் அங்கே எடுத்தால் தவறவிட வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு குழிக்குப் பிறகும் கருவியில் ஒட்டிய மண்ணை வழித்து, நீரில் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். அவசரத்தில் இதை விட்டால் முதல் குழியின் கிருமி பத்தாவது குழியிலும் முளைக்கும், பிறகு வரைபடம் முழுக்கப் பொய். ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். காலில் புண் உள்ளவர்களையும் சர்க்கரை நோயாளிகளையும் தோண்ட அனுப்ப வேண்டாம்.

மண்ணை ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் கிருமி வாடிவிடும். நிழலில், அறை வெப்பத்திலேயே வைத்து, கூடிய விரைவில் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.

அங்கே 10 கிராம் மண்ணை 10 மில்லி த்ரியோனின் உப்புத் திரவத்தில் கலக்க வேண்டும். திரவத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கட்டும். பிற மண் பாக்டீரியாக்களில் பெரும்பகுதியை அது அடக்கும். 40 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம். பிறகு குழாயைக் குலுக்காமல், மேலே தெளிந்த நீரிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து ஆஷ்டவுன் அகாரில் (இந்தக் கிருமியை வளர்க்கும் ஊட்டக் கூழ்த் தட்டு) தீற்றி, மறுபடி 40 டிகிரியில் வைத்து 7 நாள் தினமும் பாருங்கள்.

முதல் நாள் குண்டூசித் தலையளவு புள்ளிகள் (காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள்) தெரியும், அதை நம்பி எதுவும் முடிவு செய்ய முடியாது. இரண்டு மூன்று நாளில் ஊதா நிறம் ஏறும். நான்காம் நாள் வாக்கில் காலனி காய்ந்து, காய்ந்த பூவைப் போல மையத்திலிருந்து சுருக்கம் விழும். ஆனால் எல்லாக் காலனியும் இப்படி இருப்பதில்லை. வெளிறியவை, வழுவழுப்பானவை என ஒரே தட்டில் பல தோற்றங்கள் வரும். ‘புத்தகத்துக் காலனி’ ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. ஒரே குழி மண்ணில் பல மரபணு வகைகள் சேர்ந்தே வாழும். நோயாளியைத் தாக்கியது நீங்கள் விட்ட அந்த வகையாக இருக்கலாம். தோற்றத்துக்குக் குறைந்தது இரண்டு காலனி, தட்டுக்குக் குறைந்தது ஐந்து காலனி எடுங்கள். மலேசியாவின் சரவாக் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல்: அங்குள்ள கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குச் சாகும், ஆஷ்டவுன் அகாரிலோ ஜென்டாமைசின் இருக்கிறது. அங்கே அது இல்லாத அகாரையும் கூடவே பயன்படுத்த வேண்டும்.

அடையாளத்தை உறுதிசெய்ய, இந்தக் கிருமிக்கே உரிய டிடிஎஸ்1 மரபணுவுக்கான ரியல்-டைம் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை). பார்க்க ஒன்றுபோல இருக்கும் பர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் சாதாரணமாக நோய் தராது. அராபினோஸ் சர்க்கரையை அது பயன்படுத்தும், மெலியோய்டோசிஸ் கிருமி பயன்படுத்தாது. உறுதியானதும் முதல் தட்டிலிருந்தே கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறையவையுங்கள். திரும்பத் திரும்ப வளர்த்தால் ஆய்வகத்திலேயே மாற்றங்கள் சேரும். வளர்ந்த கிருமியை மூன்றாம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகத்தில்தான் கையாள வேண்டும். டிஎன்ஏ வெளியே போகும் முன் அதில் ஒரு துளியை அகாரில் தீற்றி, எதுவும் முளைக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள்.

இதன் மரபணுத் தொகுதி இரண்டு குரோமோசோம்களாக, மொத்தம் சுமார் 72 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 50 முறை படிக்க (50 மடங்கு ஆழம்) 150 எழுத்து நீள ரீட்கள் (கருவி படிக்கும் டிஎன்ஏ துண்டுகள்) 12 லட்சம் ஜோடி தேவை. ஜி, சி எழுத்துகள் 68 சதவீதம் என்பதால், பிசிஆர் பெருக்கம் உள்ள லைப்ரரி கிட்டில் (டிஎன்ஏவை சீக்வென்சிங்குக்குத் தயார் செய்யும் பொருள்கள்) சில பகுதிகள் மெலிந்துவிடும். பெருக்கம் இல்லாத கிட் நல்லது. தரவு வந்ததும் ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் கலந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். நிறைய இடங்களில் கலந்திருந்தால் உங்கள் காலனி ஒன்றல்ல, இரண்டு. மறுபடி பிரித்தெடுக்க வேண்டும்.

ஏழு மரபணுக்களைக் கொண்டு வகைப்படுத்தும் எம்எல்எஸ்டி எண்ணை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கிருமிகள் தங்களுக்குள் டிஎன்ஏவைத் தாராளமாகக் கைமாற்றிக்கொள்ளும். கம்போடியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரே எண் கிடைத்த கிருமிகளின் முழுத்தொகுதியைப் படித்தபோது உறவே இல்லை என்று தெரிந்தது; ஏழு மரபணுக்களும் தற்செயலாக ஒத்துப்போயிருந்தன. ஒரே எண் உள்ளவற்றை எடுத்து, அவற்றில் ஒன்றை நானோபோர் சீக்வென்சிங் கருவியில் நீள ரீட்களால் முழுமையாக்கி, அதையே ஒப்பீட்டு மூலமாக வையுங்கள். வழக்கமாக ஒப்பீட்டுக்கு வைக்கும் கே96243 தாய்லாந்துக் கிருமி. உங்கள் கிருமியில் மட்டும் உள்ள பகுதிகள் அதில் இருக்காது. பிறகு கப்பின்ஸ் மென்பொருளால் கைமாறிய பகுதிகளை நீக்கிவிட்டு, கிருமிகளின் உறவைக் காட்டும் மரம் வரையுங்கள். நீக்காவிட்டால் கிளைகள் காரணமில்லாமல் நீளும்.

எத்தனை எழுத்து வேறுபாடு வரை ‘ஒரே மூலம்’ என்பதற்கு எல்லா ஊருக்கும் பொருந்தும் எண் கிடையாது. அதே வயலின் கிருமிகள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே அளவுகோல். 2021-இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் வெளிநாடே போகாத நால்வருக்கு இந்நோய் வந்து இருவர் இறந்தனர். நால்வரின் கிருமியும் ஒரே மூலத்தது, தெற்காசியக் கிருமிகளுக்கு நெருக்கமானது என்று மரம் காட்டியது. எந்தப் பொருளிலிருந்து தொற்றியது என்பதை மரத்தால் சொல்ல முடியவில்லை. ஜார்ஜியா நோயாளியின் வீட்டிலிருந்த, இந்தியாவில் தயாரான நறுமண ஸ்பிரே புட்டியில் அக்டோபரில் கிருமி கிடைத்துப் பொருந்திய பிறகே விடை வந்தது. அறிக்கையிலும் அந்த வரிசையைக் காப்பாற்றுங்கள்: மண்ணிலோ பொருளிலோ பொருந்தும் கிருமி கிடைக்காதவரை ‘இந்தப் பகுதிக் கிருமிகளுக்கு நெருக்கமானது’ என்று மட்டும் எழுதுங்கள். எத்தனை குழி தோண்டி எத்தனையில் கிடைத்தது என்ற கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள்.