அன்பியப் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நற்செய்தியை மட்டுமல்ல, எங்களையே உங்களுக்குக் கொடுக்க ஆவலாக இருந்தோம் என்று தெசலோனிக்கருக்கு எழுதுகிறார் பவுல் (1 தெச 2:8). கத்தோலிக்கப் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறைவைத்து வீடுகளில் கூடும் சிறு குழுதான் அன்பியம். அதன் கூட்டத்தில் அந்த ‘எங்களையே’ நடக்கவேண்டிய இடம் ஐந்தாம் படியான பகிர்வு. கூட்டம் சறுக்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

தென்னாப்பிரிக்காவின் லும்கோ மேய்ப்புப்பணி நிலையத்தில் உருவாகி ஆசியாவுக்கு வந்த, விவிலியத்தை வாசித்துப் பகிரும் ஏழு படி முறை பலருக்கும் தெரிந்ததுதான்: ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனதைத் தொட்ட சொல்லை எடுத்துச் சொல்வது, மௌனம், பகிர்வு, செய்யவேண்டிய வேலை, மன்றாட்டு. வரிசை தெரிந்திருந்தும், பகிர்வு என்ற பெயரில் நடப்பது பாதி நேரம் பிரசங்கம்தான்.

மாற்கு 10:46-52, பார்வையற்ற பர்த்திமேயு இயேசுவிடம் வரும் பகுதி வாசிக்கப்படுகிறது என்று வையுங்கள். ஒருவர் ‘மேலுடையை எறிந்துவிட்டு’ என்ற சொற்களை எடுக்கிறார். ஐந்தாம் படியில் அவரே, “நாம் எல்லாரும் பாவம் என்னும் மேலுடையைக் களைய வேண்டும்” என்றால் அது பிரசங்கம். “பையன் வேற சாதியில கல்யாணம் முடிச்சதுல இருந்து, ஊருக்கு என்ன பதில் சொல்றதுன்னு ஒரு வெட்கத்தைப் போர்த்திக்கிட்டே திரியுறேன். எறிய இன்னும் மனசு வரல” என்றால் அது பகிர்வு. ‘நாம்’ என்று தொடங்கி ‘வேண்டும்’ என்று முடிகிற வாக்கியம் வந்தாலே பொறுப்பாளர் விழித்துக்கொள்ளலாம்: “உங்களுக்கு இது எப்படிப் பட்டுச்சு?” என்று ஒரு கேள்வி போதும்.

பிரசங்கம் பிறப்பதற்குக் காரணம் நாலாம் படியைச் சுருக்குவது. மௌனம் மூன்று நிமிடமாவது இருக்கவேண்டும். அரை நிமிடம் போனதுமே யாராவது இருமுவார்கள், பொறுப்பாளருக்குச் சங்கடமாகிப் பாட்டை எடுத்துவிடுவார். உள்ளே எதுவும் இறங்காமல் வாயைத் திறந்தால், ஞாயிறு கேட்டதுதான் திரும்பி வரும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் மூன்று படிகளுக்கு 15 நிமிடம், மௌனத்துக்கு 3 முதல் 5, பகிர்வுக்கு 25, மீதி கடைசி இரண்டுக்கும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 12 பேருக்கு மேல் தாங்காது. கூட்டம் பெரிதென்றால் ஐந்தாம் படியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து உட்காருங்கள். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லி இழுக்காதீர்கள்.

அடுத்தது அறிவுரை. ஒருவர் கண் கலங்கியதும் பக்கத்திலிருந்து வரும்: “நவநாள் ஜெபம் சொல்லுங்கக்கா, எல்லாம் சரியாயிடும்.” அவர் அதோடு வாயை மூடிக்கொள்வார், அடுத்த மாதமும் திறக்கமாட்டார். பர்த்திமேயு பார்வையற்றவர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அப்படியும், உமக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு கேட்டுவிட்டுத்தான் செய்கிறார். பகிர்வுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயமே இல்லை. சற்று அமைதி, பிறகு அடுத்தவர்.

எவ்வளவு சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். கணவரின் குடி கணவருடைய கதை. அதனால் தனக்கு வந்த பயம் தன்னுடையது. இரண்டாவதைச் சொல்லலாம். பாவத்தை அறிக்கையிட இது இடமல்ல. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று குருவைத் திருச்சபைச் சட்டம் கட்டுகிறது, அன்பியத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அப்படிக் கட்டுவது எதுவுமில்லை. அதனால்தான் “இங்க கேட்டது இங்கயே இருக்கட்டும்” என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்னும் ஆறாத காயத்தை முதலில் நம்பகமான ஒருவரிடம் தனியாகச் சொல்வது நல்லது.

ஏழாம் படியிலும் ஒரு குழி உண்டு, அது பக்திமயமானது. “ஆண்டவரே, எங்க தெருவுல கடன்ல தத்தளிக்கிற ஒரு குடும்பத்துக்காக...” பெயர் சொல்லவில்லைதான், ஆனால் எந்த வீடு என்று அத்தனை பேருக்கும் தெரியும். மன்றாட்டின் வடிவில் வரும் புறணி இது. அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு மன்றாடுங்கள், இல்லையென்றால் மனதுக்குள் மன்றாடுங்கள்.

டீயும் பிஸ்கட்டும் போதும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். போன வீட்டில் பஜ்ஜி, கேசரி என்றால், வசதியில்லாத வீட்டார் தங்கள் முறை வரும்போது ஊரில் இருக்கமாட்டார்கள்.

ஆறாம் படியை நேரமில்லை என்று விடுவதுதான் பெரிய நஷ்டம். “நோயாளிகளைச் சந்திப்போம்” என்பது முடிவு ஆகாது. யார், யாரை, எந்த நாளில் என்று எழுதவேண்டும், அடுத்த கூட்டத்தில் முதலில் அதைக் கேட்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பேர் திரண்டு போய்க் கட்டிலைச் சுற்றி நிற்காதீர்கள். இரண்டு பேர் போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்காதீர்கள். மூன்று நாளாகத் துணைக்கு இருப்பவரை, “வீட்டுக்குப் போய்க் குளிச்சு, சாப்பிட்டுத் தூங்கிட்டு வாங்க, சாயங்காலம் வரை நாங்க இருக்கோம்” என்று அனுப்பிவிட்டு, அந்த ஸ்டூலில் உட்காருங்கள்.